காற்றில் கூடிய கரியமில வாயு எங்கிருந்து வந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெயில் வாட்டத் தொடங்கினால் போதும், "பூமி எப்போதுமே சூடாகிக் குளிர்ந்துதான் வந்திருக்கிறது, மனிதன் என்ன செய்ய முடியும்?" என்ற பேச்சும் கூடவே வந்துவிடுகிறது. முதல் பாதி உண்மைதான். சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் மாறியதால் பனியுகங்கள் வந்து போயின. ஆனால் அவை 23,000, 41,000, 1,00,000 ஆண்டுக் கணக்கில் மெல்ல நகர்பவை. 150 ஆண்டுகளில் ஒரு டிகிரிக்கு மேல் ஏறியதற்கு அவை விளக்கமாகாது.

சூரிய ஒளி 11 ஆண்டுச் சுழற்சியில் சுமார் 0.1 விழுக்காடுதான் ஏறி இறங்குகிறது. 1980-க்குப் பிறகு அதில் ஏறுமுகமே இல்லை. மேலும், சூரியன் காரணமென்றால் காற்றுமண்டலம் முழுவதும் சூடாக வேண்டும். தரையோரக் காற்று சூடாக, உயரே உள்ள அடுக்கு மண்டலமோ குளிர்ந்து வருகிறது. கரியமில வாயு கூடினால் நடப்பது இதுதான்.

எரிமலைகளும் இதற்குக் காரணமல்ல. பெரிய எரிமலை வெடித்தால் பூமி சில காலம் குளிரும். 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாடுபோ சுமார் 1.5 கோடி டன் கந்தக டை ஆக்சைடை மேலே வீசியது. உலகச் சராசரி ஏறத்தாழ அரை டிகிரி இறங்கி, சில ஆண்டுகளில் மீண்டது.

காற்றில் கரியமில வாயு 1958-இல் பத்து லட்சத்தில் 315 பங்கு. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. கூடியது எங்கிருந்து வந்தது என்பதை அந்த வாயுவே காட்டிக்கொடுக்கிறது. அதிலுள்ள கரியில் (கார்பனில்) எடை வேறுபட்ட வகைகள் உண்டு. செடிகள் கனமான கார்பன்-13-ஐவிட இலகுவான கார்பன்-12-ஐயே விரும்பி எடுக்கும். காற்றில் கார்பன்-13-இன் விகிதம் குறைந்து வருவதால், வந்த கரி செடிகொடிகளிலிருந்தோ, அவை புதைந்து உருவான நிலக்கரி, எண்ணெய் போன்றவற்றிலிருந்தோ வந்தது. எரிமலையோ கடலோ அல்ல. அப்படியானால் எரிந்த காடுகளா? காடழிப்புக்கும் பங்கு உண்டு. ஆனால் உயிருள்ள மரத்தில், தானே சிதைந்து குறையும் கார்பன்-14 இருக்கும். அதன் அரை ஆயுள் (பாதியாகக் குறையும் காலம்) 5,730 ஆண்டுகள் என்பதால், கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது துளியும் மிஞ்சவில்லை. அவற்றை எரித்த கரி காற்றில் கலந்ததால், 1950-க்கு முந்தைய மர வளையங்களிலேயே கார்பன்-14 நீர்த்துப்போனது தெரிகிறது. (பின்னர் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் கார்பன்-14-ஐக் கூட்டிவிட்டதால் அதற்குப் பிந்தைய கணக்கைத் திருத்தித்தான் படிக்க வேண்டும்.) காற்றில் ஆக்சிஜனும் குறைந்து வருகிறது. எரித்தால்தான் ஆக்சிஜன் செலவாகும். கடலிலிருந்து வாயு கசிந்தால் ஆகாது.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். "வழக்கத்தைவிட இத்தனை டிகிரி அதிகம்" என்று எழுதும்போது, எந்த ஆண்டுகளின் சராசரியோடு ஒப்பிட்டது என்பதையும் சேருங்கள். 1991–2020 சராசரியே 1850–1900 சராசரியைவிட ஏறத்தாழ 0.9 டிகிரி அதிகம். அதைச் சொல்லாமல் விட்டால், ஒரே ஆண்டைப் பற்றிய இரு செய்திகள் ஒன்றையொன்று மறுப்பதுபோலத் தோன்றும். எல் நினோ (பசிபிக் கடலின் நடுப்பகுதியும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடாகும் நிகழ்வு) ஆண்டானால் அதையும் குறிப்பிடுங்கள். அந்த ஓராண்டு ஏற்றம் அடுத்த ஆண்டே தணியக்கூடியது.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர்கள் சிலர்