போர்ட் லூயி மாநகர மன்றத்துக்கு: அந்தக் கடன் நோட்டுகளைக் காப்பாற்றுங்கள்

மாநகர மன்றத்தினருக்கு வணக்கம்.

மொரீஷியஸ் தலைநகரான நம் போர்ட் லூயியின் சைனா டவுனில் உணவுத் திருவிழா நடப்பதில் எனக்கும் சந்தோஷம்தான். மின் ஃப்ரீத் என்கிற வறுத்த நூடுல்ஸ் வாங்க வரிசையில் நிற்கிறவர்களில் நானும் ஒருவன். ஆனால் நான் கேட்க வந்தது வேறு: பழைய சீனக் கடைகளின் கடன் கணக்கு நோட்டுகளைக் காப்பாற்ற வேண்டும்.

போர்ட் லூயியின் லே சலீன் பகுதியில் குவான் தீ என்கிற சீனக் கோவில் எழுந்தது 1842இல். பின்னால் சீனாவின் மெய்சியன் பக்கத்திலிருந்து ஹக்கா என்கிற சீனப் பிரிவினர் வந்து, கரும்புத் தோட்டம் இருந்த ஊரிலெல்லாம் கடை போட்டார்கள். எங்கள் ஊரிலும் ஒரு 'லபுத்திக் சினுவா', அதாவது சீனக் கடை, இருந்தது. உள்ளே நுழைந்ததும் கருவாட்டு வாடை, மரக் கல்லாவுக்குப் பின்னால் மணிச்சட்டத்தின் டக் டக். தாத்தாவுக்குக் கூலி மாதம் ஒருமுறை; அரிசியும் பருப்பும் மண்ணெண்ணெயும் தினமும் வேண்டும். அதனால்தான் 'கர்னே' என்கிற கடன் நோட்டு. ஒன்று எங்களிடம், இன்னொன்று கடையில். கடை நோட்டில் கடைக்காரர் தாத்தாவின் பெயரைக் காதில் விழுந்தபடி சீன எழுத்தில் எழுதியிருந்தார்.

ஒருமுறை அரை ராத்தல் கருவாடு வாங்கவே இல்லை என்று பாட்டி சாதித்தார். கடைக்காரர் தன் நோட்டை விரித்துக் காட்டினார். பாட்டி அசையவில்லை. கடைசியில் கடைக்காரரே அந்த வரியை அடித்துவிட்டார். எல்லாம் இப்படி நல்லபடியாகவே முடிந்ததென்று சொல்லமாட்டேன். கணக்கில் ஒரு சதம் கூட்டிப் போடுகிறார் என்ற முணுமுணுப்பும் ஊரில் உண்டு.

நம் 25 ரூபாய்த் தாளில் சீன வம்சாவளியைச் சேர்ந்த மொய்லின் ஜான் ஆ-சுவான் படம், 100 ரூபாய்த் தாளில் தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த ரெங்கநாதன் சீனிவாசன் படம். அரசாங்கத்தின் தாளில் இரு தரப்புக்கும் இடம் கிடைத்துவிட்டது. கடைக்காரரும் கூலிக்காரரும் ஒரே பக்கத்தில் இருப்பது அந்தக் கடன் நோட்டில்தான்.

1972 கணக்கெடுப்பில் சீன மொரீஷியர்கள் சுமார் 24,000 பேர். அதன்பின் இனவாரியாக எண்ணுவதே இல்லை. பிள்ளைகள் பலர் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள். பழைய கடையை இடிக்கும்போது நோட்டுகளும் தகரத்தோடு குப்பைக்குத்தான் போகின்றன.

நகருக்குள் இடிக்க அனுமதி கொடுக்கும் முன் ஓர் ஊழியரை அனுப்பி அலமாரியைப் பார்க்கச் சொல்லுங்கள். குடும்பத்தைக் கேட்டு, கிடைப்பதைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் சேருங்கள். அந்தக் கையெழுத்தைப் படித்துச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே செய்யுங்கள். ஊர்ப்புறக் கடைகளுக்கு மாவட்ட மன்றங்களிடம் நீங்களே ஒரு வார்த்தை சொன்னால் நல்லது.

எங்கள் வீட்டு நோட்டை நானே கொண்டுவந்து தருகிறேன். கடைசிப் பக்கத்தில் 3 ரூபாய் 75 சதம் இன்னும் பாக்கி நிற்கிறது.

இப்படிக்கு,
கரும்புத் தோட்டக் கூலிக்காரர் ஒருவரின் பேரன்