வெயில் தணியும்வரை வேலை மெதுவாகத்தான் நடக்கும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "நான்கு நாளில் முடியும் என்றீர்கள், ஏழாவது நாளும் சாரம் அப்படியே நிற்கிறதே?" என்று இந்த இரண்டு வாரத்தில் பலர் கேட்டுவிட்டீர்கள். கேட்டதில் தவறில்லை. பாதி பூசிய சுவரைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பது யாருக்கும் எரிச்சல்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி எங்கள் மேஸ்திரிக்குத் தொண்டை வறண்டுவிட்டது. அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறோம்.

முதலில் நேரத்தைச் சொல்லிவிடுகிறோம். கோடை முடியும்வரை காலை 6 முதல் 11 வரையும், மாலை 4 முதல் 6.30 வரையும் வேலை நடக்கும். இடையில் உள்ள ஐந்து மணி நேரம் மாடியிலும் வெளிச்சுவரிலும் யாரும் ஏற மாட்டார்கள். துளையிடுவது, ஓடு வெட்டுவது போன்ற சத்தமான வேலைகள் காலை 8 மணிக்குப் பிறகுதான். அக்கம்பக்கத்தாரின் தூக்கத்தைக் கெடுத்து உங்கள் வேலையை முடித்துத் தருவதில் எங்களுக்கு விருப்பமில்லை.

"வெப்பநிலை 40 டிகிரிதானே, போன வருடமும் இதே அளவுதானே" என்பவர்களுக்கு ஒரு விளக்கம். வானிலை அறிக்கையில் வரும் அந்த எண், நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் வைத்து அளந்தது. எங்கள் ஆட்கள் நிற்பது மொட்டைமாடியில். நேர்வெயிலில் கிடக்கும் தளம் 60 டிகிரியைத் தொடுவது வெகு சாதாரணம். அங்கே ஒரு மணி நேரம் விட்டுவைத்த இரும்புக் கரண்டியை வெறுங்கையால் எடுத்துப் பார்த்தால் மீதியை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

உடலுழைப்பில் செலவாகும் ஆற்றலில் சுமார் நான்கில் ஒரு பங்குதான் வேலையாகிறது. மீதியெல்லாம் உடம்புக்குள்ளேயே வெப்பமாகத் தங்குகிறது. சுற்றியுள்ள காற்று தோலைவிடச் சூடாக, அதாவது ஏறத்தாழ 35 டிகிரிக்கு மேல் போய்விட்டால், அந்த வெப்பம் வெளியேற வியர்வை ஒன்றுதான் வழி. வியர்வையும் வழிந்து கீழே சொட்டினால் பயனில்லை, ஆவியானால்தான் உடல் குளிரும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அது ஆவியாகாது. 35 டிகிரி புழுக்கம் சில வேளை 40 டிகிரி வறண்ட வெயிலைவிட ஆளைச் சாய்ப்பது இதனால்தான். நடுத்தர உழைப்பில் இருக்கும் ஒருவர் 33, 34 டிகிரியிலேயே தன் வேலைத்திறனில் பாதியை இழக்கக்கூடும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. சோம்பலால் யாரும் உட்காரவில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறோம்.

கை மட்டுமல்ல, மூளையும் மந்தமாகிறது. சென்ற வாரம் எங்கள் அனுபவசாலி ஒருவர் ஒரே சன்னலை இரண்டு முறை அளந்து, இரண்டு வேறு அளவுகளைக் குறித்து வைத்திருந்தார். இரண்டும் தவறு. இரவிலும் சுவர்கள் சூட்டைக் கக்கிக்கொண்டிருப்பதால் சரியாகத் தூங்காமல் வந்தவர் அவர். அன்றே அவரைச் சாரத்திலிருந்து இறக்கி நிழல் வேலைக்கு மாற்றினோம். புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் நாள் வழக்கமான வெயில் வேலையில் ஐந்தில் ஒரு பங்குதான் தருகிறோம். உடல் வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

இனி உங்கள் வீட்டுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. ஆட்கள் தாங்கினாலும் சிமெண்ட் தாங்காது. கலவை இறுகுவதற்கு நீர் வேண்டும். நடுப்பகலில் பூசினால் மேலே வெயிலும் காற்றும், பின்னால் காய்ந்த செங்கலும் போட்டிபோட்டு அந்த நீரை உறிஞ்சிவிடும். சிமெண்ட் அவசரமாக இறுகும், ஆனால் பின்னாளில் வரவேண்டிய பலம் வராது. மேற்பரப்பில் மயிரிழை விரிசல்கள் கோலம்போல் ஓடும். "கலவை கெட்டியாகிவிட்டதே, இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்களேன்" என்று அன்போடு சிலர் சொல்கிறீர்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள். கலவையில் கூடுதலாக ஊற்றும் தண்ணீர் பலத்தைக் குறைக்கும். தண்ணீர் தேவைப்படுவது பூசுவதற்கு முன் சுவருக்கும், பூசி இறுகிய பிறகு பூச்சுக்கும்தான். குறைந்தது ஏழு நாள் ஈரம் காயாமல் பார்க்க வேண்டும். தளத்தில் பாத்தி கட்டி நீர் நிறுத்துவதும், சுவரில் ஈரச்சாக்கு போர்த்துவதும் அதற்காகத்தான். சில கோடைகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளரின் அவசரத்துக்கு இணங்கி, உச்சிவெயிலில் ஒரு மாடித் தளம் போட்டோம். மழை வந்ததும் ஒழுகியது. எங்கள் செலவிலேயே கொத்தி எடுத்து மீண்டும் போட்டோம். அந்தப் பாடம் ஒருமுறை போதும்.

பெயிண்டும் அப்படித்தான். பெரும்பாலான எமல்ஷன் பெயிண்டுகளை 35 டிகிரிக்கு மேல் அடிக்க வேண்டாம் என்று டப்பாவிலேயே அச்சிட்டிருப்பார்கள். சூடான சுவரில் பட்டதும் மேல்தோல் காய்ந்து, உள்ளே ஈரம் சிக்கிக் கொப்புளம் கிளம்பும். தூரிகைத் தடமும் மறையாது. காலையில் மேற்குச் சுவர், மாலையில் கிழக்குச் சுவர் என்று நிழலைத் துரத்திக்கொண்டு அடிப்பது இதனால்தான். ஒரே சுவரைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுகிறார்கள் என்று எண்ண வேண்டாம்.

இரும்பு நீளும் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 10 மீட்டர் கம்பி 30 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர் நீளும். அதனால்தான் கதவுச் சட்டங்களுக்கும் கைப்பிடிகளுக்கும் சூடேறுமுன் அதிகாலையிலேயே அளவெடுக்கிறோம்.

நாள் கூடினாலும், ஏற்கெனவே பேசிய தொகையைக் கூட்ட மாட்டோம். உங்களிடம் நாங்கள் கேட்பது குடிநீரும், மதியம் உட்கார ஒரு நிழலான இடமும்தான். கால் மணிக்கொரு முறை ஒரு குவளை தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறோம், அதை ஓய்வு எடுப்பதாகக் கணக்கிட வேண்டாம். யாராவது குழறிப் பேசினாலோ, தடுமாறினாலோ, கேள்விக்குப் பொருந்தாமல் பதில் சொன்னாலோ உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பில் நீர் ஊற்றி, விசிறி, மருத்துவ உதவிக்கு அழையுங்கள். எங்களுக்கு அதற்கப்புறம் சொன்னால் போதும்.

விசேஷத்துக்காக நாள் குறித்திருப்பவர்கள் இந்த வாரமே தெரிவித்துவிடுங்கள். உள்ளறை வேலைகளை மதிய நேரத்துக்கு மாற்றி வரிசைப்படுத்திக்கொள்வோம். மாடித் தளம் மட்டும் வேண்டுவோர் முதல் மழைவரை பொறுக்க முடியுமென்றால், பொறுப்பதே நல்லது.

அன்புடன்,
உங்கள் கட்டடப் பழுதுபார்ப்பு மற்றும் வண்ணப்பூச்சுப் பணியாளர்கள்