போர் அருங்காட்சியக நிர்வாகிகளுக்கு: பெயரெழுதிய கொடிகளை வீட்டுக்கு அனுப்பி வையுங்கள்

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானுடன் நடந்த பசிபிக் போரின் பொருள்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் அருங்காட்சியகங்களின் நிர்வாகிகளுக்கும், தாத்தாவின் பெட்டியில் மடித்த ஜப்பானியக் கொடி ஒன்றைக் கண்டெடுத்த பேரப்பிள்ளைகளுக்கும்,

வணக்கம்.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டமொன்றில் வளர்ந்தவன். இந்த மடலை எழுத எனக்கென்ன உரிமை என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் நான் கண்டதைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றின் கண்ணாடிப் பேழைக்குள் ஒரு பட்டுத்துணியைப் பார்த்தேன். நடுவே சிவப்பு வட்டம். அதிலிருந்து கதிர்கள் விரிவதுபோல் நாற்புறமும் தூரிகையால் எழுதிய கையெழுத்துகள். கயிறு கோப்பதற்காக இரண்டு மூலைகளில் முக்கோணமாகத் தோல் வைத்துத் தைத்திருந்தார்கள். ஓரமாக ஒரு பழுப்புக் கறை. கீழிருந்த குறிப்பு, ‘கைப்பற்றப்பட்ட எதிரிக் கொடி’ என்றது. உடன் வந்த நண்பர் ஜப்பானிய மொழி படித்தவர். அவர் கழுத்தை ஒரேயடியாக வளைத்துப் படிக்க முயன்றபோதுதான், கொடி தலைகீழாக மாட்டப்பட்டிருப்பது எங்களுக்குத் தெரிந்தது. போரில் நற்பேறு நீடிக்க வேண்டும் என்ற வாழ்த்தை மேல் விளிம்பில் பெரிதாக எழுதியிருந்தார்கள். வலப்பக்கத்தில் ஒரு பெயரும், பெரியவர்கள் இளைஞனை அழைக்கும்போது சேர்க்கும் ‘குன்’ என்ற விகுதியும் இருந்தன. நாம் பெயரோடு ‘தம்பி’ சேர்ப்பதில்லையா, அதுபோல. அத்தனை ஆண்டுகளாக அந்தப் பையனின் பெயர் எல்லோர் கண்முன்னும் தொங்கிக்கொண்டிருந்தும் படிப்பதற்கு ஆளில்லை.

யோசெகாகி ஹினோமாரு எனப்படும் இக்கொடிகள் படைப்பிரிவின் கொடிகள் அல்ல. பிள்ளை படைக்குப் புறப்படும்போது வீட்டாரும், அயலாரும், ஆசிரியரும், உடன் வேலை செய்தவர்களும் ஆளுக்கொரு கையெழுத்திட்டுக் கொடுத்தனுப்பியவை. பெரும்பாலோர் அதை மடித்து உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டார்கள். இதோடு சேர்த்து எண்ண வேண்டியது சென்னின்பாரி என்ற இடுப்புத்துணி. தாயோ தங்கையோ தெருமுனையில் நின்று, வருவோர் போவோரில் ஆயிரம் பெண்களிடம் ஆளுக்கொரு சிவப்பு நூல் முடிச்சு வாங்கிச் சேர்த்தது அது. ஆண்டுகளுக்கு விலங்குகளின் பெயர் வைக்கும் அவர்கள் வழக்கில், புலி ஆண்டில் பிறந்தவள் மட்டும் தன் வயது எத்தனையோ அத்தனை முடிச்சுகள் போடலாம். புலி ஆயிரம் காதம் போனாலும் திரும்பி வரும் என்பது அவர்கள் நம்பிக்கை.

திரும்பி வராதவர்கள் ஏராளம். வெளிநாடுகளிலும் இவோ ஜிமா, ஒகினாவா தீவுகளிலும் மாண்ட ஜப்பானியர் ஏறத்தாழ 24 லட்சம் பேர். அவர்களில் 11 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் இன்றுவரை ஊர் வந்து சேரவில்லை. அரசாங்கம் பல குடும்பங்களுக்கு அனுப்பிய வெள்ளைத்துணி சுற்றிய மரப்பெட்டிக்குள் ஒரு கல்லோ, பிடி மண்ணோ, பெயரெழுதிய தாளோதான் இருந்தது. அந்த வீடுகளுக்கு இந்தத் துணியே உடம்பின் இடத்தில் வந்து சேர்கிறது.

இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. சைப்பான் தீவில் 1944இல் தாம் எடுத்த கொடியை, 2017இல் ஓர் அமெரிக்கக் கடற்படைக் காலாள் வீரர் தமது 93ஆவது வயதில் கிஃபு மாவட்டத்து மலைக்கிராமத்துக்கு நேரில் கொண்டு சென்று கொடுத்தார். இறந்தவரின் தம்பிக்கு அப்போது 89 வயது. அந்தக் கிழவர் கொடியை வாங்கி அதில் முகத்தைப் புதைத்து முகர்ந்து பார்த்தார். தம் அண்ணன் எங்கே, எந்த நிலையில் கிடந்தார் என்பதையும் அன்றுதான் நேரில் கண்டவர் வாயால் கேட்டார். டெக்சாஸில் யுஎஸ்எஸ் லெக்சிங்டன் கப்பல் அருங்காட்சியகம், 29 ஆண்டுகள் காட்சிக்கு வைத்திருந்த கொடியை 2023இல் குடும்பத்தாரிடம் ஒப்படைத்தது. ஐந்து வயதில் தகப்பனைக் கடைசியாகப் பார்த்த மகன், அதை 83 வயதில் கையில் வாங்கினார்.

கொடியைக் கொடுத்துவிட்டால் வரலாறு போய்விடும் என்று நீங்கள் தயங்கக்கூடும். நல்ல ஒளிப்படமும், நகலும், திருப்பியனுப்பிய கதையும் அதே பேழையில் இருக்கலாமே. தலைகீழாகத் தொங்கும் அசலைவிட அவை பார்வையாளருக்கு அதிகம் சொல்லும். போர்க்களத்திலும் இறந்தோர் உடலிலும் கிடைக்கும் சொந்தப் பொருள்களைத் திரட்டி எதிர்த்தரப்பிடம் சேர்ப்பிக்க வேண்டும் என்று 1929ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் 4ஆம் பிரிவே சொல்கிறது என்பதையும் நினைவூட்டுகிறேன்.

இத்தனை கொடுமை செய்த படையின் ஆட்களுக்கு எதற்கு இந்த மரியாதை என்ற கேள்வி எனக்கும் எழுந்தது. எங்கள் தாத்தாவின் தம்பியை, ஜப்பானியர் மலாயாவைப் பிடித்து ஆண்ட காலத்தில், தோட்டத்திலிருந்து சயாமையும் (தாய்லாந்து) பர்மாவையும் இணைக்கும் மரண ரயில் பாதை போட ஏற்றிச் சென்றார்கள். 415 கிலோமீட்டர்ப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. சின்னத் தாத்தா வரவில்லை. பல்லாயிரம் தமிழ்க் கூலிகளைப் போலவே அவருக்கும் கல்லறை இல்லை, எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை, ஒரு வேட்டித் துண்டுகூடத் திரும்பவில்லை. நாளும் தெரியாததால் ஆடி அமாவாசையன்று பாட்டி அவருக்கும் சேர்த்து ஓர் இலை போடுவார். அந்த அநியாயத்தை நான் மறக்கவும் இல்லை, மன்னிக்கச் சொல்லி யாரையும் கேட்கவும் இல்லை. ஆனால் ஒன்றுமே வராத வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பெயரும் கையெழுத்தும் இருக்கிற ஒரு பொருளை, அனுப்ப வழியிருந்தும் அனுப்பாமல் வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

வழி இருக்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து அஸ்டோரியா நகரில் 2009 முதல் இயங்கும் ஓபோன் சொசைட்டி, குடும்பங்களைத் தேடித் தரும் பணியையே செய்து வருகிறது. ஜப்பானின் சுகாதார, தொழிலாளர், நலத்துறை அமைச்சகமும் விசாரிக்கிறது. கொடியில் பெரும்பாலும் முகவரி இராது. அரிதான குடும்பப் பெயர், கோயில் முத்திரை, ஒரு பள்ளியின் பெயர் என்று பிடித்துக்கொண்டுதான் தேடுகிறார்கள். ஆகவே இரு பக்கமும் தெளிவாகப் படமெடுங்கள். துவைக்கவோ இஸ்திரி போடவோ வேண்டாம், கறையும் அவர்களுடையதே. கொண்டு வந்தவர் எந்தத் தீவு, எந்த மாதம் என்று சொன்னது நினைவிருந்தால் எழுதி அனுப்புங்கள். வேண்டாம் என்று குடும்பம் சொல்லவும் கூடும். அதைச் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தாம்.

நான் கண்ட கொடியின் ஒளிப்படத்தையும், நண்பர் அதிலிருந்து எழுதித் தந்த பதினேழு பெயர்களையும் அந்த அருங்காட்சியகத்துக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. இறந்தோர் வீடு திரும்புவதாக ஜப்பானியர் விளக்கேற்றும் ஓபோன் நாள்கள் ஆகஸ்ட் நடுவில் வருகின்றன. அதற்குள் யாராவது பேழையைத் திறந்து, கொடியை நேராகத் திருப்பி, வலப்பக்கத்துப் பெயரைப் படிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பேராக்கிலிருந்து ஒரு தோட்டத்துப் பிள்ளை