சி.இ.ஏ. 5-க்குள் இருந்தால் கவலை இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு மருத்துவப் பக்கத்தில், ரத்தத்தில் சி.இ.ஏ. (சில புற்றுநோய்களில் ஏறுகிற ஒரு புரதம்) 5-க்குள் இருந்தால் குடல் புற்றுநோய் பற்றிக் கவலையே வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். இருபது வருடமாக உங்கள் இதழ் வாங்குகிற வீடு எங்களுடையது. மனசு ஆறவில்லை.

என் வீட்டுக்காரருக்கு 2.8 தான் இருந்தது. மலத்தோடு ரத்தம் போனது. மூலச்சூடு என்றார்கள். வெந்தயமும் மோருமாக எட்டு மாதம் ஓட்டிவிட்டோம். முகாமில் எடுத்த அந்தச் சீட்டைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்து, "நார்மல்னு போட்டிருக்கு பாருங்க" என்று எல்லாருக்கும் காட்டுவார். மடிப்பு கிழிந்து டேப் ஒட்டி வைத்திருந்தார். கடைசியில் மதுரைக்குப் போய்க் குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கிற கொலனோஸ்கோப்பி செய்தபோது கட்டி குடலை முக்கால்வாசி அடைத்திருந்தது.

சி.இ.ஏ. 1965-இல் கண்டுபிடித்த பழைய புரதம். சிகரெட் பிடித்தாலும், கல்லீரல் கெட்டாலும் ஏறும். புற்றுநோய் இருந்தும் ஏறாமலே இருக்கும். ஏற்கெனவே ஏறியிருந்தவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு இறங்குகிறதா, மறுபடி ஏறுகிறதா என்று பார்க்கத்தான் அது முக்கியமாகப் பயன்படுகிறது. இது உங்களுக்குத் தெரியாததா?

அப்புறம், கட்டியில் துண்டெடுத்துப் பார்த்த பயாப்சி ரிப்போர்ட். செல்லில் டி.என்.ஏ. பிழைகளைத் திருத்துகிற எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 என்ற இரண்டு புரதத்துக்கு நேராக 'இல்லை' என்று இருந்தது. அதைப் பார்த்துப் பல நாள் தூங்கவில்லை. கேட்டதற்கு, "அதெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா" என்றார்கள். இரண்டு வருடம் கழித்து வேறொரு டாக்டர்தான் உட்காரவைத்துச் சொன்னார்: ஆரம்பக் கட்டத்தில் பிடித்துவிட்டால் இந்தப் புரதங்கள் இல்லாத வகைக் கட்டி பெரும்பாலும் நல்ல பலனே தரும், ஆனால் பரம்பரையாக வரலாம், பிள்ளைகளையும் பரிசோதித்துப் பார்க்க வேண்டும் என்று. என் மகனுக்கு அப்போது 31 வயது. அந்த இரண்டு வருடமும் அவனை யாரும் பார்க்கச் சொல்லவில்லை. பார்த்தபோது குடலில் ஒரு பாலிப் (பின்னால் புற்றாக மாறக்கூடிய சின்னச் சதை வளர்ச்சி) இருந்தது, எடுத்துவிட்டார்கள்.

போன வருடம் இதையெல்லாம் எழுதி அனுப்பினேன், நீங்கள் போடவில்லை. அந்த வாரம் மூலத்துக்குக் கைவைத்தியம் அரைப் பக்கம் வந்திருந்தது. சரி, அது போகட்டும். அந்த வரியைத் திருத்தி, அதே பக்கத்தில் அதே அளவு எழுத்தில் போடுங்கள். ரத்தம் போனால் சி.இ.ஏ. பார்த்துவிட்டு இருந்துவிடாதீர்கள், குடலை உள்ளே பார்க்கச் சொல்லுங்கள் என்று கூடவே ஒரு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருமங்கலம்