வட்ட மேசையும் நம் ஆற்றங்கரையும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே வரவில்லை, எல்லாம் சந்தோஷத்தில்தான். ஒரு வாரம் லீவு போட்டு வேல்ஸில் இருக்கிற கேர்லியனில் தங்கிப் படிக்கப் போகிறேன், காலையில் ரோமானியத் தொல்லியல், சாயங்காலம் பிரிட்டன்காரர்களின் பழங்கதை நாயகன் ஆர்தர் ராஜா கதை என்றாயே. அப்பா மட்டும், "அந்த லீவில் ஊருக்கு வந்துட்டுப் போகலாமே" என்றார். அவருக்கு உன்னைப் பார்க்கணும், அவ்வளவுதான், நீ மனசில் வைத்துக்கொள்ளாதே. அவள் போகட்டும், அந்த ஊருக்கும் நம் வீட்டுக்கும் ஒரு பாத்தியதை இருக்கிறது என்று நான் சொன்னேன். அது என்ன என்று நீ கேட்பதற்குள் லைன் போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் தாத்தா 1945-இல் அரிக்கமேட்டில் மண் சுமந்தவர் என்று உனக்குத் தெரியும். காக்காயந்தோப்பிலிருந்து விடியற்காலையில் ஆற்றோரமாகவே நடந்து போவாராம். அப்போது பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையில். இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைமை இயக்குநராக வந்திருந்த மார்டிமர் வீலர்தான் அங்கே குழி போட்டவர். பெரிய மீசை, சத்தமான குரல். குழியில் தண்ணீர் ஊற ஊற இறைத்துக்கொண்டே தோண்டினார்களாம். ஒரு ஓடு வந்தால் அது எந்த அடுக்கில் வந்தது என்று குறிக்காமல் அடுத்த மண்வெட்டி விழக் கூடாது. தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் சாகும்வரை வீட்டில் யார் எந்தக் குழி வெட்டினாலும் பக்கத்தில் நின்று மண்ணின் நிறம் எங்கே மாறுகிறது என்று பார்ப்பார். வாழைக்குழி என்றாலும் அப்படித்தான்.

அதே வீலர், இங்கே வருவதற்குப் பத்தொன்பது வருஷம் முன்னால், 1926-இல் தோண்ட ஆரம்பித்த இடம்தான் நீ போகிற கேர்லியன். நான் பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் சரித்திரம் நடத்தியிருக்கிறேன், இந்த முடிச்சு எனக்கே வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது, தெரிந்த அன்று தாத்தா இல்லையே என்று அழுதேன்.

அங்கே ஊருக்கு வெளியில் புல் மூடிய ஒரு பெரிய பள்ளம் இருந்தது, ஓவல் வடிவத்தில், சுற்றிலும் கரை கட்டினது மாதிரி. ஊர் ஜனங்கள் அதை, ஆர்தர் தன் வீரர்களோடு கூடி உட்கார்ந்த வட்ட மேசை என்று சொல்லி வந்தார்கள். தோண்டிப் பார்த்தால் கி.பி. 90 வாக்கில் ரோமானியர்கள் கட்டிய வட்டரங்கம். இரண்டாம் அகஸ்டா படையணி, ஐயாயிரம் பேருக்கு மேல், அங்கே கோட்டை போட்டு உட்கார்ந்திருந்தது. அந்தப் படையணி மொத்தமும் உட்கார்ந்து பார்க்கிற அளவுக்கு இடம். எட்டு வாசல். எந்தச் சுவரை எந்தப் பிரிவு கட்டியது என்று கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள், அதைத் தேடிப் பார். இன்னொன்று, வீலர் லண்டனுக்கு வேறு வேலையாகப் போய்விட்டார், களத்தில் நின்று பார்த்துக்கொண்டது அவர் மனைவி டெஸ்ஸா. அந்த அம்மாள் பெயர் வெளியே அதிகம் வருவதில்லை, நீயாவது அங்கே பேச்சு வரும்போது சொல்லு.

சரி, நான் உனக்குச் சொல்ல வந்தது இதுதான். ரோமானியப் பாடம் நடத்துகிறவர்கள், ஆர்தர் கதையெல்லாம் பின்னால் வந்த கட்டுக்கதை என்று சொல்வார்கள். சரியாகத்தான் சொல்வார்கள். ரோமானியர் போன பிறகு, ஆறாம் நூற்றாண்டில் எழுதிய கில்டாஸ் என்ற துறவி ஆர்தர் பெயரையே எடுக்கவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டு நூல் ஒன்றில்தான் பன்னிரண்டு போர்களின் பட்டியல் வருகிறது, அதில் ஒன்று படையணியின் நகரத்தில் நடந்ததாக. அப்புறம் 1136 வாக்கில் மான்மத் ஊர் ஜெஃப்ரி எழுதும்போதுதான் கேர்லியன் ஆர்தரின் முழு அரண்மனையாகிறது. அஸ்க் நதிக்கரையில் ரோமாபுரி மாதிரி பொன் வேய்ந்த கூரைகள், பெந்தெகொஸ்தே திருநாளில் ராஜாக்கள் கூடுகிற சபை. மான்மத் கேர்லியனுக்கு ரொம்ப தூரம் இல்லை, பாப்பா. அவர் காலத்தில் அந்த இடிபாடுகள் இன்னும் நின்றுகொண்டிருந்தன. 1188-இல் அந்த வழியாகப் போன ஜெரால்டு என்ற பாதிரியார், இடிந்த மாளிகைகளையும் குளியல் கூடங்களையும் வட்டரங்கத்துச் சுவர்களையும் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். அவ்வளவு பெரிய சுவரைப் பார்க்கிறவன் இதை யாரோ பெரிய ராஜாதான் கட்டியிருப்பான் என்று நினைப்பதில் என்ன தப்பு?

நம் ஊரிலும் அப்படித்தானே. மாமல்லபுரத்தில் பல்லவர் குடைந்த கல்லை நாம் பஞ்ச பாண்டவர் ரதம் என்கிறோம். சமண முனிவர்கள் படுத்த குகையெல்லாம் பாண்டவர் படுக்கை. பாண்டவர் அங்கே படுக்கவில்லை, ஆனால் யாரோ படுத்தார்கள் என்பதை ஜனங்கள் மறக்கவில்லை பார்த்தாயா. கேர்லியனில் அந்த மறக்காத கதைதான் பணமும் கொண்டுவந்தது. ஆர்தர் பெயருக்காகத்தான் டெய்லி மெயில் பத்திரிகை வட்டரங்கத்தைத் தோண்டக் காசு கொடுத்தது. அதனால் சாயங்கால வகுப்பை இலேசாக நினைத்துத் தூங்கிவிடாதே.

அரிக்கமேட்டில் என்ன ஆச்சு என்பதையும் யோசித்துப் பார். வீலர் ரோமானியரைத் தேடித்தான் இங்கே வந்தார். இத்தாலியில் சுட்ட சிவப்பு ஓடும் அம்போரா ஜாடித் துண்டும் கிடைத்தன, அதை வைத்துப் பக்கத்தில் கிடந்த நம் பானைகளுக்கும் காலம் சொன்னார். தென்னிந்தியத் தொல்லியலுக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம்! ஆனால் யவனர் வந்ததால்தான் அந்த ஊரே எழுந்தது என்ற மாதிரி அவர் எழுதியது நிற்கவில்லை. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மறுபடி தோண்டினார்கள். யவனர் சரக்கு வருவதற்கு முன்னாலேயே அங்கே நம் ஜனங்கள் இருந்தது தெளிவானது. அவ்வளவு கறாரான மனிதர் மனசிலும் ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது, மண்ணை மறுபடி பார்த்துத்தான் அதைத் திருத்த முடிந்தது. வகுப்பில் உன் கையில் சாமியன் என்று ஒரு சிவப்பு ஓட்டைக் கொடுப்பார்கள், அது பிரான்சுப் பக்கம் சுட்டது, ஆனால் நம் ஆற்றங்கரையில் கிடைத்ததற்குத் தங்கை முறைதான்.

மியூசியத்தைக் கடைசி நாளுக்குத் தள்ளாதே. கோட்டைக் குளியல் கூடத்தின் சாக்கடையில் எண்பத்தெட்டு மோதிரக் கற்கள் கிடைத்தன, ஒவ்வொன்றிலும் குட்டிக் குட்டி உருவம். குளிக்கிற சூட்டில் பசை விட்டு உதிர்ந்தவை. மழை விட்ட மறுநாள் நீயும் நானும் அரிக்கமேட்டுச் சரிவில் குனிந்து குனிந்து மணி பொறுக்குவோமே, அந்த ஞாபகம் வரும் உனக்கு. வட்டரங்கத்தில் கிடைத்த ஈயத் தகடு ஒன்றும் உண்டு. பழிவாங்கும் தெய்வமான நெமிசிஸ் அம்மனிடம் ஒருவன் மேலங்கியையும் பூட்ஸையும் ஒப்படைத்து, இதை எடுத்துப்போனவன் தன் உயிரையும் ரத்தத்தையும் கொடுத்தாலொழிய மீட்கக் கூடாது என்று வேண்டியிருக்கிறான். ஆனைமலை மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசுகிறவர்களின் முகம்தான் எனக்கு வந்தது.

அப்புறம் ஒரு கல்லறைக் கல். தாதியா வல்லௌனியஸ், வயது 65. அவள் மகன், வயது 37, ஜெர்மனிப் படையெடுப்பில் இறந்தவன். அம்மாவுக்கும் அண்ணன் தம்பி யாரோ அவனுக்கும், அப்பாவின் சமாதிக்குப் பக்கத்திலேயே மகள் தாதியா எக்சுபராதா வைத்த கல் அது. மகன் போன இடம் எங்கே, அம்மா காத்திருந்த ஆற்றங்கரை எங்கே. நான் அதன் படத்தைத்தான் பார்த்திருக்கிறேன். நீ கிட்டே போய் எழுத்தைப் பார், மகள் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று எனக்குச் சொல்லு.

ஜூலையானாலும் அந்த ஊரில் மழை வரும், ஷூ இரண்டு ஜோடி எடுத்துக்கொள். அப்பா உன்னிடம் நேரில் கேட்க மாட்டார், வட்டரங்கத்தின் நடுவில் நின்று அவருக்கு ஒரு வீடியோ கால் போடு.

அன்புடன்,
அம்மா