நகோயாவிலிருந்து: நாப்கின் வளையம் வாங்கும் சித்தப்பாவுக்கு

நகோயா,
18ஆம் தேதி இரவு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். சித்திக்கு முட்டி வலி தேவலையா? காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் நீங்கள் எடுத்த ஆறு நாப்கின் வளையங்களின் படம் வந்தது. ஜப்பான் சரக்குதானா, எப்படித் துடைப்பது, மேற்கொண்டு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பதில் நீளம், அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன்.

ஆறு என்ற எண்ணிலேயே ஒரு துப்பு இருக்கிறது. ஜப்பானியர் தங்கள் வீட்டுக்கென்று செய்யும் தட்டு, கிண்ணம், கோப்பை எல்லாம் ஐந்து ஐந்தாகத்தான் வரும். ஒற்றைப்படைதான் மங்கலம், நம் ஊர் மொய்க் கணக்கு மாதிரி. ஆறும் பன்னிரண்டும் வெள்ளைக்காரர் மேஜைக் கணக்கு. அந்த வளையமே அவர்கள் மேஜைப் பொருள்தான். இங்கே சாப்பிட உட்கார்ந்தால் ஈரத் துண்டு ஒன்றைச் சுருட்டிக் கொண்டுவந்து வைப்பார்கள், ஒஷிபோரி என்று பெயர். கோடையில் சில்லென்று இருக்கும், குளிர்காலத்தில் ஆவி பறக்கும். கை துடைத்ததும் அது தன் சின்னத் தட்டுக்குத் திரும்பிவிடும். மடியில் விரிக்க நாப்கின் துணி கிடையாது, பிறகு அதைச் சுருட்டிச் செருகும் வளையம் எதற்கு? ஐரோப்பிய வீடுகளில் அந்தத் துணியை ஒவ்வொரு வேளையும் வெளுக்க மாட்டார்கள். எது யாருடையது என்று தெரிய ஆளுக்கொரு வளையம். ஆகவே பழைய ஜப்பானிய வளையம் எங்கே கிடைத்தாலும் அது பெரும்பாலும் வெளிநாட்டாருக்கென்று செய்ததுதான். மெய்ஜி காலத்திலும் (1868–1912) அதற்குப் பின்பும் யோகோஹாமா, கோபே துறைமுகங்கள் வழியாகப் போனது. இங்கே கடைகளில் இருப்பவற்றில் பல, கப்பலேறிப் போய்த் திரும்பி வந்தவை.

உங்கள் ஆறும் எனாமல் வேலை. ஷிப்போ என்பார்கள். நகோயாப் பக்கம்தான் அதற்குப் பேர்போன இடம்: காஜி ட்சுனெகிச்சி என்பவர் 1830களில் இங்கேதான் இதைத் துவக்கிவைத்தார், ஆண்டோ என்ற ஷிப்போக் கடை 1880இலிருந்து நடக்கிறது. செம்புத் தகட்டை வளையமாக்கி, அதன்மேல் மெல்லிய பட்டைக் கம்பியை இடுக்கியால் பூவாகவும் கொடியாகவும் வளைத்து நிறுத்துவார்கள். ஒட்டுவதற்கு ஓர் ஆர்க்கிட் கிழங்குப் பசை. கம்பிக்கு நடுவே கண்ணாடித் தூளை நீரில் குழைத்து நிரப்பி, சுமார் 800 டிகிரியில் சுடுவார்கள். சுட்டதும் தூள் உருகிப் பள்ளமாகும். மறுபடி நிரப்பி மறுபடி சுட வேண்டும், இப்படிப் பல தடவை. கம்பி மட்டத்துக்கு மேலே வந்ததும் கல்லால் தேய்த்து மெருகேற்றி, கடைசியில்தான் விளிம்புப் பட்டை மாட்டுவார்கள். செம்பும் கண்ணாடியும் ஒரே அளவில் சுருங்காது. வெளிப்புறம் மட்டும் பூசினால் இழுவை ஒரு பக்கமாகி விரிசல் விடும் என்பதால் உள்பக்கமும் எனாமல் பூசுவார்கள். கீழே விழுந்தால் முதலில் அடி வாங்குவது விளிம்பு. பட்டையில் சின்ன நெளிவு இருந்தாலும் அதற்கடியில் கண்ணாடி நொறுங்கியிருக்கும். பத்து மடங்கு லென்ஸ் வைத்து அந்த இடத்தைத்தான் முதலில் பாருங்கள். பெயர்ந்த இடத்தை ரெசினால் அடைத்து வர்ணம் பூசி விற்பதும் உண்டு. அங்கே கம்பி பாதியில் அறுந்து நிற்கும், ஊசி முனையால் தொட்டால் கண்ணாடி மாதிரி வழுக்காமல் கொஞ்சம் இறங்கும், புற ஊதா டார்ச் அடித்தால் பல சமயம் வேறு நிறத்தில் ஒளிரும்.

இனிச் சொல்வது உங்களுக்குப் பிடிக்காது. படத்தில் பூவுக்குப் பின்னால் வெறும் இடமே இல்லாமல் சுருள் சுருளாகக் கம்பி ஓடுகிறது, விளிம்பும் மஞ்சளாக இருக்கிறது. எனக்கென்னவோ சீனம் என்றே படுகிறது. கம்பி இல்லாத பெரிய இடத்தில் எனாமல் நிற்பது கஷ்டம், அதனால் சுருளால் நிரப்பினார்கள். ஜப்பானியரும் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தார்கள். பிறகு, ஒரே நிறத்தில் வழவழவென்று வெறும் தளத்தை விட்டு, ஒரு கிளையும் ஒரு குருவியும் மட்டும் வைக்கும் வித்தை கைவந்தது. அந்த மாதிரி வேலை, வெள்ளிப் பட்டை விளிம்போடு கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். தளத்தில் தங்கப் பொடி தூவினாற்போல் மின்னும் பழுப்பு நிறம் இருந்தாலும் ஜப்பான் பக்கம்தான் சந்தேகம் போகும். உங்களதில் உள்பக்கம் வெளிர் நீலம் என்றால் சீனம் என்பது ஏறக்குறைய உறுதி. சீனம் என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை. விலைக் கணக்கு வேறு, அவ்வளவுதான்.

பீங்கான் வளையம் என்றால் முத்திரையே காலம் சொல்லும். 1891 முதல் அமெரிக்காவுக்குள் போகும் சரக்கில் நாட்டுப் பெயர் இருந்தாக வேண்டும் என்று சட்டம் வந்தது, அப்போது தங்கள் மொழியில் நாட்டுக்குள்ள பெயரான ‘நிப்பான்’ என்று போட்டார்கள். 1921இல் அது செல்லாது, ‘ஜப்பான்’ என்றே போட வேண்டும் என்றார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின், நேச நாட்டுப் படைகளின் பிடியில் ஜப்பான் இருந்த 1952 வரையிலான சரக்கில் ‘மேட் இன் ஆக்குப்பைடு ஜப்பான்’ என்று இருக்கலாம், எல்லாவற்றிலும் இருக்காது. ‘நிப்பான்’, ‘ஜப்பான்’ முத்திரைகள் அமெரிக்கச் சட்டத்துக்காகப் போட்டவை, ஆகவே நம் பக்கம் வந்த சரக்கில் முத்திரை இல்லையே என்று ஒதுக்க வேண்டாம். ‘நிப்பான்’ முத்திரைக்குப் போலி நிறைய. முத்திரையைவிடத் தீட்டலை நம்புங்கள். பழையதில் தூரிகைக் கோடு தெரியும், மேலே பூசிய தங்கம் கை படும் இடத்தில் தேய்ந்திருக்கும். இந்த வகையில் பெரிய பெயர் நோரிடாகே கம்பெனி, 1904இல் இந்த ஊரில் தொடங்கியது. பழைய செங்கல் கட்டடங்கள் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் தோட்டமும் மியூசியமுமாக இருக்கின்றன. 25 சென்டிமீட்டர் சாப்பாட்டுத் தட்டு நடுவில் தொய்யாமல் வர அவர்களுக்குப் பத்து வருஷம் பிடித்தது. முழு டின்னர் செட் 1914இல்தான் வெளிவந்தது. அந்தக் கஷ்டம் இல்லாத சின்னச் சாமான்களில் ஓவியர்கள் கைவரிசை காட்டினார்கள். 1920களின் மினுமினுப்புப் பூச்சு போட்ட வளையங்கள் அந்த வழிதான். பாத்திரம் கழுவும் மெஷினிலோ மைக்ரோவேவிலோ வைத்தால் தங்கம் போச்சு.

வெள்ளியில் டிராகன் புடைத்து நிற்கும் வளையம் வந்தால் உள்பக்கம் விரலை விட்டுத் தடவுங்கள். நல்ல வேலையில் உள்ளே வழுவழுப்பாக இன்னொரு தகடு பற்றவைத்திருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் இடைவெளி. திரவத்தில் முக்கினால் பற்றவைத்த இடத்துச் சந்து வழியே உள்ளே போய், பல நாள் கழித்துக் கறுப்பாகக் கசியும். ஆகவே முக்குவது கூடாது. சுத்த வெள்ளிக்கு ‘ஜுன்கின்’ என்று இரண்டு எழுத்து குத்தியிருப்பார்கள். சிலவற்றில் ‘ஸ்டெர்லிங்’. கொடிச் சின்னமும் சாய்சதுரத்துக்குள் 950 போன்ற எண்ணும் இருந்தால் அது அரசாங்க நாணயச் சாலை முத்திரை, 1929க்கு முன் கிடையாது. அந்த முத்திரை உள்ளதை மெய்ஜி என்று சொல்லி விற்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கறுப்புத் தளத்தில் தங்கக் கோடு ஓடும் கியோட்டோ வேலையும் வரும். கையால் செய்ததில் அடி இரும்பு, காந்தம் பிடிக்கும். இரும்பில் உளியால் துணி நெசவு போலக் குறுக்கும் நெடுக்கும் கீறி, தங்கத் தகட்டை அடித்து ஏற்றி, இரும்பை வேண்டுமென்றே துருப்பிடிக்க வைத்து, தேயிலை நீரில் கொதிக்கவைத்து அந்தத் துருவைக் கறுப்பாக நிறுத்துவார்கள். அந்தக் கறுப்பு நம் புளிக்கு ஒரு நிமிஷம் தாங்காது.

துடைப்பது பற்றி. புளி, எலுமிச்சை, சபீனா, பித்தளை பாலிஷ் எதையும் இவற்றின் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். எனாமலுக்கு ஈரப் பஞ்சு, உடனே உலர்ந்த துணி, போதும். குத்துவிளக்குக்கு விபூதி போடுவதுபோல் வெள்ளிக்கும் போடலாம், ஆனால் மழுமழுப்பான உள்பக்கத்துக்கு மட்டும், நன்றாகச் சலித்து. டிராகன் செதிளுக்குள் போனால் வெள்ளையாக உறைந்து வெளியே வராது. பள்ளத்தில் இருக்கும் கறுப்பு அழுக்கு இல்லை, செதுக்கல் தெரிய வேண்டும் என்று அவர்களே விட்டது. அதையும் தேய்த்துவிட்டால் மதிப்பு பாதி. பீரோவில் வைக்கும்போது ரப்பர் பேண்டு வேண்டாம், காகிதத்துக்கு வெளியே போட்டாலும் அதிலுள்ள கந்தகம் வெள்ளியில் கோடாக விழும். பழைய வேட்டித் துணி நல்லது. இரும்பு வேலையை சிலிக்கா ஜெல் பையோடு டப்பாவில் போடுங்கள்.

இன்று ஓசு கண்ணோன் கோவில் சந்தை. மாதாமாதம் 18, 28. விடிந்ததும் போனால்தான் சரக்கு, எல்லாம் ரொக்கம். விலை கொஞ்சம் குறைப்பார்கள், நம் ஊர்போல் பாதியிலிருந்து ஆரம்பித்தால் சிரித்துக்கொண்டே வேறு பக்கம் திரும்பிவிடுவார்கள். வளையத்தைவிட எனக்கு அங்கே சோபா சோக்கோ எடுப்பதில்தான் ஆசை: நூடுல்ஸ் தொட்டுக்கொள்ளும் நீலக் கோப்பை, பீங்கானுக்குப் பேர்போன அரிட்டா பக்கத்துச் சரக்கு. மெய்ஜியில் அச்சுத்தாள் வைத்து நீலம் ஏற்றியவற்றில் தாள் சேரும் இடத்தில் கோலம் பொருந்தாமல் ஒரு தையல் தெரியும். அதைக் குறை என்று தள்ளுகிறவர்கள் தள்ளட்டும், விலை குறைவாகக் கிடைப்பது அதனால்தான். விளிம்பை நகத்தால் சுற்றி வந்து, சுண்டிப் பார்த்து, ‘கிணீர்’ வராமல் ‘டப்’ என்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல்.

ஒன்றை மறக்காதீர்கள். தந்தத்திலும் ஆமையோட்டிலும் செய்த வளையங்களும் உண்டு. தந்தம் என்றால் வெட்டுமுகத்தில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டி வலைபோல் தெரியும். எவ்வளவு பழையது என்றாலும் வாங்க வேண்டாம். நானும் இங்கிருந்து அனுப்ப மாட்டேன், நாடு விட்டு நாடு போவதற்குத் தடை.

ஆறில் ஒன்றை மட்டும் பகல் வெளிச்சத்தில் மூன்று படம் எடுத்து அனுப்புங்கள்: உள்பக்கம், விளிம்பு இணையும் இடம், பூவுக்குப் பின்னால் உள்ள தளம். பிளாஷ் போடாமல். கடைக்காரரிடம் அதுவரை மீதிப் பணம் கொடுக்க வேண்டாம்.

சித்திக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்