சேமக்காலைக் கற்களை இனி அசைக்காதீர்கள்

எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கல்லறைகள் இருக்கும் சேமக்காலையைப் பராமரிக்கும் குழுவினருக்கு,

வணக்கம். போன மாதம் மண் வழிக்கும் பெக்கோ இயந்திரம் வந்து போனதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பற்றை வெட்டியதற்கு நன்றி. பாம்புக்குப் பயந்து பின்பக்கம் போகாமல் திரும்பிய நாட்கள் எனக்கும் உண்டு. ஆனால் பற்றையோடு பழைய கற்களையும் வாரி மதிலோரம் குவித்துவிட்டீர்களே!

அந்தக் குவியலில் எங்கள் பூட்டியின் தாயாருடைய கல் கிடக்கிறது. இரண்டு வருடம் அதோடு மல்லுக்கட்டினேன். உச்சி வெயிலில் பார்த்தால் வெறும் சொரசொரப்பு. காலை ஏழு மணிக்கு வெயில் சாய்ந்து விழும்போது பத்து நிமிடம் எழுத்து எழும்பும். முகம் பார்க்கும் கண்ணாடியால் வெளிச்சத்தைத் திருப்பி, எழுத்தெழுத்தாகக் கொப்பியில் எழுதினேன். மேலே ஓர் அமெரிக்கப் பெயர், கீழே தமிழ்ப் பெயர், அதற்கும் கீழே இன்னாரின் பெண்சாதி என்று ஒரு வரி. இன்னார் யார் என்ற இடத்தில் மட்டும் பாசி. சுரண்டினால் எழுத்தும் போய்விடும், கோடையில் காயட்டும் என்று விட்டேன். இப்போது கல் மூன்று துண்டு. அந்த வரி இருந்த துண்டைக் காணவில்லை.

ஒரு பெயருக்கு இவ்வளவு பாடா என்பீர்கள். உங்களுக்குத் தெரியாததா? 1816இல் யாழ்ப்பாணத்துக்கு அமெரிக்க மிஷன் வந்தபின், வட்டுக்கோட்டை, உடுவில் விடுதிகளில் சேர்ந்த பல பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவைத் தந்த அமெரிக்கரின் பெயரையே வைத்தார்கள். அண்ணனுக்கு ஒரு பெயர், தம்பிக்கு வேறொரு பெயர். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம்பிள்ளையின் மகன் பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்றால் தெரியாதவர் நம்புவாரா? இரண்டு பெயரும் ஒன்றாக இருப்பது கல்லிலும் பதிவேட்டிலும்தான். வீட்டிலிருந்த கடதாசிகள் 1995 யுத்த இடப்பெயர்வோடு போயின. கல் எங்களோடு ஓடி வராததால் தப்பியது.

சரி, பதிவேட்டையாவது பார்ப்போம் என்று வந்தேன். முதல்தரம் திறப்பு வைத்திருப்பவர் கலியாண வீட்டில். அடுத்த தரம் கடிதம் கேட்டீர்கள். கடிதத்தோடு வந்தால், கூட்டம் முடியட்டும் என்றீர்கள். எந்தக் கூட்டம் என்று இன்றுவரை தெரியாது.

வாசலில் புது வளைவு மட்டும் மளமளவென்று எழும்பிவிட்டது. காசு தந்தவர்களின் பெயர்கள் கருங்கல்லில், பொன் எழுத்தில், பத்தடி தள்ளி நின்றாலும் தெரிகிறது. யாழ்ப்பாண நூலகத்தை 1981இல் எரித்தவர்களை ஒவ்வொரு ஜூன் மாதமும் ஏசுகிறோம். இந்தக் குவியலுக்கு யாரை ஏசுவது? பெக்கோக்காரப் பெடியனையா? அவனுக்குக் காட்டிய இடத்தைத்தானே அவன் வழித்தான்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது பெரிய காரியமில்லை. இனி ஒரு கல்லையும் அசைக்காதீர்கள். குவியலை லொறியில் ஏற்றிவிடாதீர்கள். துண்டுகளுக்கு இலக்கமிட்டுப் படமெடுக்க நானும் இரண்டு மாணவரும் வருகிறோம், செலவு எங்களுடையது. எது எங்கே நின்றது என்று என் கொப்பியில் பதினொரு கல்லுக்குக் குறிப்பு இருக்கிறது. மற்றவற்றுக்குப் பதிவேடு வேண்டும். அதை உங்கள் மேசையிலேயே, உங்கள் முன்னாலேயே பார்க்கிறேன்.

நத்தாருக்குச் சுண்ணாம்பு அடிக்க வருபவர்களிடம், மதிலோரம் போக வேண்டாம் என்று தயவுசெய்து இப்போதே சொல்லிவையுங்கள். சனிக்கிழமை காலை ஆறரைக்கு வாசலில் நிற்பேன். திறப்பை யாரிடமாவது கொடுத்துவிட்டால் போதும்.

பணிவுடன்,
மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி